பழைய பீட்டிலைத் தினமும் ஓட்டுவது: பிரித்துப் போடாமல் சரிசெய்ய முடியுமா?

ஜனவரி 9

வாசகர் ஒருவரின் கேள்வி, அப்படியே:

"1960களின் கடைசியில் வந்த வோக்ஸ்வேகன் பீட்டில் ஒன்று விலைக்கு வருகிறது. ஓடுகிறது, ஆனால் சுமார்தான். கையில் பெரிய பணம் இல்லை. முதலில் முழுசாகப் பிரித்துப் புதுசு போல ஆக்கிவிட்டு, அப்புறம் தினமும் வேலைக்கு ஓட்டலாம் என்று திட்டம். தெரிந்தவர்களோ, பழைய கார் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைக்கத்தான், தினமும் ஓட்டினால் சம்பளம் முழுக்க அதற்கே போகும் என்கிறார்கள். யார் சொல்வது சரி?"

ஜனவரி 9, இரவு

தினமும் ஓட்டலாம். ஆனால் முழுசாகப் பிரிக்காதீர்கள்.

காசு குறைவாக இருப்பவர் ஓடுகிற காரை மொத்தமாகப் பிரிக்கவே கூடாது. பிரிப்பது சுலபம். இரண்டு நாள் லீவு போதும், செலவு கிடையாது, உற்சாகமாகவும் இருக்கும். கோர்க்கும்போதுதான் பணம், இடம், நேரம், பொறுமை எல்லாம் ஒரே சமயத்தில் வேண்டும். பாதியில் நின்றுபோய் விற்பனைக்கு வரும் கார்களைப் பாருங்கள்: எஞ்சின் ஒரு மூலையில், கதவு இன்னொரு மூலையில், நட்டு போல்ட் எல்லாம் ஒரே பக்கெட்டில். அவற்றில் பாதிக்கு மேல் ஒரு காலத்தில் தானாக ஓடி வந்து அந்த ஷெட்டுக்குள் நுழைந்தவைதான்.

நான் ஓட்டிக்கொண்டே சரிசெய்கிற கட்சி. ஒரு நேரத்தில் ஒரு பகுதி. சனிக்கிழமை காலையில் கழற்றினால் ஞாயிறு இரவுக்குள் கார் மறுபடி ஓடவேண்டும். அதற்குத் தேவையான பார்ட்ஸ் எல்லாம் கைக்கு வந்தபின்தான் ஸ்பானரை எடுப்பேன். கழற்றிப் பார்த்துவிட்டு வாங்கலாம் என்று ஆரம்பித்தால் திங்கட்கிழமை பஸ்தான்.

ஜனவரி 11

"சரி, முதலில் எதைத் தொடுவது?"

பிரேக். அப்புறம் பெட்ரோல் போகும் வழி. அப்புறம் ஸ்டியரிங், டயர், விளக்கு. அதற்கப்புறம் துரு. ஓடுகிற எஞ்சின் அதற்கும் பின்னால் நிற்கலாம். பெயிண்ட் கடைசி வரிசையில் உட்காரட்டும்.

பிரேக் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விற்பவர் எல்லோரும் "பிரேக் நல்லா இருக்கு" என்பார்கள். மிதித்தால் நிற்கிறது என்பது மட்டும் போதாது. என் காரில் மிதித்தால் நன்றாக நின்றது. ஆனால் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கினால் முன் பக்கத்தில் ஒரு சக்கரம் மட்டும் கை வைக்க முடியாத சூடு. டிரம்மில் அழுந்தி காரை நிறுத்தும் ஷூவைத் தளர்த்திப் பார்த்தேன், அதைத் தள்ளும் வீல் சிலிண்டரை மாற்றினேன், அதே சூடு. கடைசியில் பிரச்சினை ரப்பர் ஹோஸில். வெளியே பார்த்தால் வெடிப்புகூட இல்லை. அறுத்துப் பார்த்தால் உள் சுவர் ஊதி, துவாரம் ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. காலின் அழுத்தத்துக்கு பிரேக் ஆயில் உள்ளே போகும்; காலை எடுத்தால் திரும்பி வராது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும்.

அதனால் வயது தெரியாத ரப்பர் ஹோஸ் எதுவாக இருந்தாலும் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். காரிலேயே மலிவான உயிர்காப்பு அதுதான். கூடவே ஆயிலையும் முழுசாக மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டாட் 3, டாட் 4 என்று டப்பாவில் எழுதியிருக்கும் பிரேக் ஆயில் வகைகள் ஒன்றோடொன்று சேரும். டாட் 5 என்று எழுதியிருப்பது சிலிக்கான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. பெயர் வரிசையில் வருகிறதே என்று நம்பி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. 1967க்கு முந்தைய பீட்டில்களில் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பகுதி) ஒற்றைச் சுற்று. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. உங்களுடையது எது என்று மாஸ்டர் சிலிண்டரையே பார்த்து உறுதி செய்யுங்கள். இவ்வளவு வருடத்தில் யார் எதை மாற்றியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

ஜனவரி 12

பெட்ரோல் விஷயத்தை நேற்று ஒரு வரியில் தாண்டிவிட்டேன். அது நியாயமில்லை.

பீட்டிலில் எஞ்சின் பின்னால், பெட்ரோல் டேங்க் முன்னால். நடுவில் இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸுக்கு மேலே நூல் பின்னல் இருக்கும். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ரப்பர் உளுத்துப்போனது தெரியாது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு இருப்பதால் பழைய ரப்பர் இன்னும் வேகமாகக் கரைகிறது. எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள்.

ஹோஸைவிட ஆபத்தான ஒன்று உண்டு. பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் பல கார்புரேட்டர்களில் வெறுமனே அழுத்திச் செருகப்பட்டது. வருடக்கணக்கான அதிர்வில் அது தளர்ந்து கழன்று வரும். அதற்குக் கீழேயே சூடான எஞ்சின், பக்கத்திலேயே பொறி விடும் டிஸ்ட்ரிபியூட்டர். பழைய பீட்டில்கள் தீப்பிடித்து எரிந்த கதைகளில் இது அடிக்கடி வரும் காரணம். கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். லேசாக ஆடினாலும் கழற்றி, மரை போட்டு மாட்டவேண்டும்.

தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பின் பக்கம் எஞ்சினோடு வைக்காதீர்கள், எரிகிற இடத்தில் போய் எடுக்க முடியாது.

ஜனவரி 13

ஏன் பீட்டில், வேறு எத்தனையோ அழகான கார்கள் இருக்கின்றனவே என்று ஒருவர்.

அழகுக்காக இல்லை. மொத்தம் 2,15,29,464 பீட்டில்கள் செய்யப்பட்டன. கடைசிக் கார் 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் புவெப்லா ஆலையிலிருந்து வெளியே வந்தது. அவ்வளவு கார் ஓடினால் பார்ட்ஸ் செய்கிறவர்களும் இருப்பார்கள். தினமும் ஓட்டுகிற பழைய காருக்கு முதல் தகுதி அதுதான். அபூர்வமான கார் என்று பெருமையாக வாங்கிவிட்டு ஒரு டெயில் லைட் கண்ணாடிக்காகக் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு வேறு கார்தான் பிடிக்கும் என்றால், வாங்குவதற்கு முன் அதன் பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கண்ணாடி ரப்பர் மூன்றும் எங்கே கிடைக்கும் என்று தேடுங்கள். மூன்றும் கிடைத்தால் வாங்குங்கள்.

ஜனவரி 26

முதல் கேள்வி கேட்டவர் கார் பார்க்கப் போகிறாராம். காந்தம் எடுத்துப் போங்கள்.

பெயிண்ட் புதிதாக, பளபளவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். நான் பார்க்கப் போன கார்களில் ஒன்று கண்ணாடி போல மின்னியது. கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன். பொத்தென்று தரையில் விழுந்தது. ஒரு கை அகலம் தள்ளி வைத்தேன், மறுபடி விழுந்தது. அந்த இடம் முழுக்கப் பட்டி. தகடு எப்போதோ போய்விட்டது. விற்றவர் நல்ல மனிதர், டீ எல்லாம் கொடுத்தார்.

பீட்டிலில் அந்த இடம் முக்கியம். கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் பெட்டி போன்ற பகுதிக்கு ஹீட்டர் சேனல் என்று பெயர். சூடான காற்று அதன் வழியாகத்தான் கேபினுக்குள் வரும். ஆனால் அது வெறும் காற்றுக் குழாய் இல்லை, பாடியின் முதுகெலும்பே அதுதான். அது உளுத்தால் கார் நடுவில் தொய்யும். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். மூடும்போது கதவு மேலே ஏறி உட்கார்ந்தாலோ, கதவின் பின் இடைவெளி மேலும் கீழும் ஒரே அளவாக இல்லாவிட்டாலோ, அந்தக் காரை வேறு யாராவது வாங்கட்டும்.

அப்புறம் பின் சீட்டைத் தூக்கிப் பார்க்கவேண்டும். பேட்டரி அதற்கு அடியில்தான். ஆசிட் கசிந்து அதன் கீழே தரை ஓட்டையாகியிருப்பது சகஜம். அந்த ஓட்டை பரவாயில்லை, தகடு வைத்து வெல்டிங் செய்வது சின்ன வேலை.

எஞ்சின் மோசம், பாடி நல்லது என்றால் வாங்குங்கள். எஞ்சின் நல்லது, பாடி மோசம் என்றால் வேண்டாம். எஞ்சினை நான்கு நட்டு கழற்றிக் கீழே இறக்கிவிடலாம். துருவை அப்படி இறக்கிவைக்க முடியாது.

ஜனவரி 27

பேட்டரி என்று எழுதியதும் ஞாபகம் வந்தது. பேட்டரிக்கு மேல் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். பின் சீட்டில் கனமானவர் உட்கார்ந்தால் சீட் ஸ்பிரிங் இறங்கி டெர்மினலைத் தொடும். பழைய சீட்டுக்குள் இருப்பது நார். நாரும் பொறியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு துண்டு தடித்த ரப்பர் ஷீட் போதும்.

ஜனவரி 27, சற்று நேரம் கழித்து

நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு. இந்தக் காரில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்ச மோட்டார் கிடையாது. ஸ்டெப்னி டயரில் இருக்கும் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. கண்ணாடி சுத்தமாக இருக்கிறவனுக்கு ஸ்டெப்னியில் காற்று இருக்காது என்று நினைக்காதீர்கள். குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே போனதும் ஒரு வால்வு அடைத்துக்கொள்ளும். அந்த வால்வும் உங்கள் காரைப் போலவே கிழடு என்பது வேறு விஷயம்.

பிப்ரவரி 8

கார் வாங்கிவிட்டாராம். துருப்பிடித்த பம்பர், மங்கிய பெயிண்ட், நேரான கதவுகள். நல்ல தேர்வு.

இனி தினமும் ஓட்டப்போவதால் ஃபேன் பெல்ட். இது காற்றால் ஆறும் எஞ்சின். ரேடியேட்டர் இல்லை, டெம்பரேச்சர் முள்ளும் இல்லை. டைனமோவைச் சுற்றும் அதே பெல்ட்தான் எஞ்சினுக்குக் காற்று ஊதும் விசிறியையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். பல கார்களில் அந்த விளக்கு எரிந்தால் பேட்டரி இருக்கும்வரை மெதுவாக வீடு போய்ச் சேரலாம். இதில் அந்த இடத்திலேயே நிறுத்தவேண்டும். அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

பெல்ட் மாற்றுவது ரோட்டோரத்தில் கால் மணி நேர வேலை. டைனமோ புல்லி இரண்டு தகடாகப் பிரியும். உள் தகட்டில் ஒரு வெட்டு இருக்கும். அதில் ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து டைனமோவின் மேல் போல்ட்டில் முட்டுக் கொடுத்தால் புல்லி சுற்றாது. 21 மி.மீ. ஸ்பானரால் நட்டைக் கழற்றுங்கள். இரண்டு தகட்டுக்கும் நடுவில் காகிதம் போல மெல்லிய வளையங்கள் வரிசையாக இருக்கும். அவைதான் ஷிம். நடுவிலிருந்து ஷிம்மை எடுத்தால் தகடுகள் நெருங்கும், பெல்ட் மேலே ஏறி இறுகும். சேர்த்தால் தளரும். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு இறங்கினால் சரி.

ஸ்பேர் பெல்ட்டும் அந்த ஸ்பானரும் இல்லாமல் காரை எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 9

"எடுத்த ஷிம்மை என்ன செய்வது?" நல்ல கேள்வி, நேற்று விட்டுப்போனது. தூக்கிப் போடாதீர்கள். வெளித் தகட்டுக்கும் நட்டுக்கும் நடுவில் அடுக்கி வையுங்கள். மொத்த எண்ணிக்கை அதே ஷாஃப்டில் இருந்தால்தான் நட்டு சரியாக இறுகும். புது பெல்ட் கொஞ்சம் இழுபடும், சில நாள் கழித்து இன்னொரு ஷிம்மை வெளியே மாற்ற வேண்டிவரும்.

மார்ச் 1

பொறியைத் தூண்டுவதற்குப் பாயிண்டா (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை), எலக்ட்ரானிக் இக்னிஷனா? இந்தச் சண்டை எனக்குப் பிடிக்கும்.

நான் பாயிண்ட் ஆள். பாயிண்ட் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். ஸ்டார்ட்டிங் டிரபிள் வரும், இழுவை குறையும், திணறும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.4 மி.மீ. இடைவெளி வைத்தால் மறுபடி ஓடும். பாயிண்டுக்குப் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் மாட்யூல் செத்தால் முன்னறிவிப்பே இல்லை. ஓடிக்கொண்டிருந்த கார் நிற்கும், அவ்வளவுதான்.

மார்ச் 4

மேலே எழுதியதைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறேன். கேள்வி கேட்டவர் தினமும் வேலைக்குப் போகிறவர். வாரக் கடைசியில் நோண்டுவது வேறு, காலை எட்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டிய கட்டாயம் வேறு. பாயிண்டின் உரசும் முனை தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்னால் தள்ளிப்போகும். அது மெதுவாக நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, பெட்ரோல்தான் குடிக்கும். அடிக்கடி பார்க்க நேரமில்லை என்றால் மாட்யூல் போடுங்கள். ஆனால் கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் ஒரு டப்பாவில் போட்டு டேஷ்போர்டு அறையில் வையுங்கள். எஞ்சின் ஓடாமல் சாவியை ஆன் செய்து பாட்டுக் கேட்காதீர்கள், சில மாட்யூல்களுக்கு அது எமன்.

பாயிண்ட் நல்லது என்பதில் எனக்கு இன்னமும் மாற்றமில்லை.

மார்ச் 15

ஆயிலும் டேப்பெட்டும் (வால்வைத் தள்ளித் திறக்கும் பகுதி).

இந்த எஞ்சினுக்கு ஆயில் இரண்டரை லிட்டர்தான். ஃபில்டர் கிடையாது, அடியில் ஒரு கம்பி வலை மட்டும். அதனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவேண்டும், வலையையும் கழுவவேண்டும். வலையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பது ரத்தப் பரிசோதனை மாதிரி. கருப்பு மண்டி சாதாரணம். பளபளக்கும் துகள் இருந்தால் பேரிங் பேசுகிறது.

டேப்பெட் இடைவெளி பிந்தைய எஞ்சின்களுக்கு 0.15 மி.மீ., ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில். சூட்டில் வைத்தால் கணக்குத் தப்பும். டேப்பெட் சத்தம் போட்டால் பலர் பயப்படுகிறார்கள். சத்தம் போடுகிற டேப்பெட்டுக்குப் பயப்படாதீர்கள், சத்தம் நின்றுபோன டேப்பெட்டுக்குப் பயப்படுங்கள். இடைவெளி குறைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாது. சூட்டை இறக்கிவைக்க இடமில்லாமல் எரியும். மூன்றாவது சிலிண்டர்தான் முதலில் அடிபடும். 1971க்கு முந்தைய விசிறிப் பெட்டியில் ஆயில் கூலர் அந்தப் பக்கம் காற்றை மறித்துக்கொண்டு நிற்கிறது. அந்த வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், தள்ளிப்போடாமல் எஞ்சினை இறக்குங்கள்.

ஏப்ரல் 6

"ஓட்டுவதே பராமரிப்பு என்கிறார்களே, உண்மையா?"

பெரும்பாலும். நிறுத்திவைத்த காரில் வீல் சிலிண்டர் இறுகும், பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும், பேட்டரி சாகும். தினமும் ஓடுகிற காரில் இதெல்லாம் வராது. ஆனால் தெருமுனை வரை போய் வருவது ஓட்டுவதில் சேராது. எஞ்சின் நன்றாகச் சூடேறாவிட்டால் ஆயிலுக்குள் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பாலாடை போல இருந்தால் அதுதான். குறைந்தது அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். அவர் வேலைக்குப் போகும் தூரம் போதும் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 7

ஓட்டும் விதமும் மாறவேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் என்றால் முன்னால் போகும் புதுக் கார் நிற்கும் தூரத்தில் நீங்கள் நிற்கமாட்டீர்கள். இடைவெளி விட்டால் அதில் வேறு ஒருவர் நுழைவார். நுழையட்டும், மறுபடி விடுங்கள். சீட் பெல்ட் இல்லாத கார் என்றால், பாடியில் ஆங்கர் போல்ட் துளை இருக்கிறதா என்று பார்த்து மூன்று முனை பெல்ட் போடுங்கள். பம்பருக்கு குரோம் பூசுவதற்கு முன்னால் இது.

டயர் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முன்னால் வந்த டயர். அதை ஊஞ்சலுக்குக் கட்டுங்கள்.

ஏப்ரல் 20

ஹீட்டரைப் போட்டால் தலை வலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உடனே நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள். இந்தக் காரில் சூடான காற்று எக்ஸாஸ்ட் குழாயைச் சுற்றியிருக்கும் பெட்டியிலிருந்து வருகிறது. உள்ளே குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் புகை நேராகக் கேபினுக்குள் வரும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருக்கவே மாட்டீர்கள். பெட்டியை மாற்றும்வரை குளிருக்கு ஸ்வெட்டர் போதும்.

மே 4

ஹெட்லைட் மங்கல் என்று கேட்டவருக்கு: பல்பை மாற்றாதீர்கள், ஃபியூஸைக் கழற்றுங்கள். பழைய வகை ஃபியூஸ் இரண்டு முனையும் கூம்பாக, பித்தளைக் கவ்வியில் உட்காரும். பச்சை பிடித்தால் கரண்ட் போகாது. உப்புத்தாளால் முனையையும் கவ்வியையும் தேயுங்கள். அப்புறம் எர்த் வயர் பாடியில் சேரும் இடம். அதற்கும் சரியாகாவிட்டால் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடுங்கள். விளக்குக்குப் போகும் கரண்ட் முழுக்க அந்தப் பழைய ஸ்விட்ச் வழியாகப் போகத் தேவையில்லை.

மே 18

முதலில் கேள்வி கேட்டவர் பிரேக், ஹோஸ், டயர் எல்லாம் முடித்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். "இப்போது பெயிண்ட் அடிக்கலாமா?" என்கிறார்.

தரையில் வெல்டிங் பாக்கி இருக்கிறதா? இருக்கிறது என்று அவரே போன வாரம் எழுதினார். அப்படியானால் வேண்டாம். வெல்டிங் சூட்டில் பக்கத்துப் பெயிண்ட் பொங்கும், அதே வேலைக்கு இரண்டு தடவை காசு. இப்போதைக்குத் துரு தெரியும் இடத்தை மட்டும் சுரண்டி, பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருமாற்றி தடவி, ஜிங்க் பிரைமர் அடித்து விடுங்கள். கலர் கலராகத்தான் இருக்கும். பார்க்கிறவர்கள் கேட்டால் வேலை நடக்கிறது என்று சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் ஹீட்டர் சேனலுக்கு உள்ளே மெழுகு பீய்ச்ச வேண்டும், அதற்குத் துளை எங்கே போடுவது என்று அடுத்த தடவை எழுதுகிறேன். அதற்குள் யாரும் டிரில்லை எடுத்துவிடாதீர்கள்.